பரிந்துரைக் கடிதம் யாருக்குப் போகிறது?

மருத்துவ நோபல் பரிசுக்கான பரிந்துரைகள் ஜனவரி 31-க்குள் ஸ்டாக்ஹோம் போய்ச் சேர வேண்டும். அந்தக் கெடு நெருங்கும் நேரத்தில் வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது: பல்கலைக்கழகம் பதவியிறக்கம் செய்த கேட்டலின் கரிக்கோவுக்கு 2023-இல் நோபல் கிடைத்தது எப்படி? அதுவரை யாரும் அவரைக் கவனிக்கவில்லையா?

ஹங்கேரியில் பிறந்து, 1985-இல் அமெரிக்கா போனவர் கரிக்கோ. 1989-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். செல்லுக்குப் புரதம் செய்யும் குறிப்பைக் கொண்டுபோகும் மூலக்கூறான எம்ஆர்என்ஏவை மருந்தாக்க வேண்டும் என்பதே அவர் குறி. நிதி கேட்டு எழுதிய விண்ணப்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. அவரைப் போன்ற ஆய்வு ஆசிரியர்களுக்கு வெளிநிதிதான் பிழைப்பு. நிதி இல்லையேல் பதவியும் இல்லை. 1995-இல் ‘போய்விடுங்கள், அல்லது கீழ்ப்பதவிக்கு இறங்குங்கள்’ என்றது நிர்வாகம். இறங்கி, அங்கேயே இருந்தார்.

அப்படித் தங்கியதால்தான் நோயெதிர்ப்பு ஆய்வாளர் ட்ரூ வைஸ்மனோடு சேர முடிந்தது. சோதனைக்கூடத்தில் செய்த எம்ஆர்என்ஏவை மனித நோயெதிர்ப்புச் செல்கள் மேல் விட்டால், அவை பகைவன் நுழைந்ததாக அழற்சி வேதிப்பொருள்களைக் கொட்டின. ஒப்பீட்டுக்கு வைத்திருந்த இன்னொரு வகை ஆர்என்ஏவான டிஆர்என்ஏவை விட்டபோதோ அமைதியாக இருந்தன. காரணம், டிஆர்என்ஏவின் எழுத்துகளில் பல, செல்லுக்குள்ளேயே வேதிமாற்றம் பெற்றவை. அதேபோல் எம்ஆர்என்ஏவில் யூரிடின் என்ற எழுத்துக்குப் பதில் அதன் மாற்றுவடிவான சூடோயூரிடினை வைத்தார்கள், அழற்சி அடங்கியது. ‘நேச்சர்’ இதழ் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. 2005-இல் ‘இம்யூனிட்டி’ இதழ் வெளியிட்டது. இதே உத்தியின் மேம்பட்ட வடிவம்தான் ஃபைசர்-பயோஎன்டெக், மாடர்னா கோவிட் தடுப்பூசிகள் இரண்டிலும் இருக்கிறது.

என்னை உறுத்துவது அடுத்த கட்டமான பரிந்துரை. ‘தகுதியுள்ளோரிடமிருந்து பரிந்துரை பெறுகிறோம்’ என்கிறது நோபல் குழு. அந்தத் தகுதி யாருக்கு? கரோலின்ஸ்கா நிறுவனத்தில் உள்ள நோபல் பேரவையினர், முன்னாள் பரிசாளர்கள், நார்டிக் நாடுகளின் மருத்துவப் பேராசிரியர்கள், குழு அழைப்பு அனுப்பும் பிற பேராசிரியர்கள். ஏறக்குறைய எல்லாரும் பதவி ஏணியின் மேற்படியில் நிற்பவர்கள். கரிக்கோவைச் சறுக்கிவிட்டதும் அதே ஏணி. நிதிக்குழுவில் ஒருவரை நிராகரிப்பவர்களும் பரிசுக்கு முன்மொழிபவர்களும் ஒரே வட்டத்தினர் என்றால், 2005-இல் வெளிவந்த கண்டுபிடிப்பு உலகப் பெருந்தொற்று வரும்வரை பெரிய விருதுகள் எதையும் எட்டாமல் போனதில் வியப்பில்லை. அமெரிக்காவின் பெரிய மருத்துவ விருதான லாஸ்கர் விருது 2021-இல்தான் வந்தது. நோபல் பரிசு அறிவித்த அன்று பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரைத் தன்னவராகக் கொண்டாடியது. 1995-இல் நடந்ததற்கும் அது பொறுப்பேற்க வேண்டும் என்பதே என் கருத்து.

மற்ற கேள்விகள்:

மருத்துவப் பரிசுக்கு அரசு பரிந்துரைக்கலாமா? முடியாது.

தம்மைத் தாமே பரிந்துரைத்தால்? செல்லாது.

ஒரு பரிசை எத்தனை பேர் பகிரலாம்? அதிகபட்சம் மூவர், கரிக்கோவும் வைஸ்மனும் சரிபாதி பெற்றார்கள்.

யார் யாரைப் பரிந்துரைத்தார் என்பது எப்போது தெரியும்? 50 ஆண்டுகள் கழித்து.