நம் முன்னோரின் பெயர்களைத் தேடி



நவம்பர் மாதம் இறந்த நம்பிக்கையாளர்களுக்காக நாம் சிறப்பாகச் செபிக்கும் மாதம். கல்லறைத் திருநாளுக்கு முன்பே, திருப்பலியில் நினைவுகூர வேண்டியவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது நம் வழக்கம். அந்தத் தாள்களை வாசிக்கும்போது ஒன்று கண்ணில் படுகிறது. அப்பா, அம்மா பெயர் இருக்கும். தாத்தா பெயர் இருக்கும். பாட்டி பல தாள்களில் வெறும் ‘பாட்டி’தான். அதற்குமேல், ‘குடும்பத்தில் இறந்த அனைவரும்’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் எத்தனை பேர்!

நாம் பெயர் வைக்கும் முறையும் இதற்கு ஒரு காரணம். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். அப்பாவின் பெயர் ஒரே எழுத்தாகச் சுருங்கி நம் பெயருக்கு முன்னால் நிற்கிறது. அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தும் மாறிவிடும், தாத்தா நழுவிவிடுவார். அம்மாவுக்குப் பெரும்பாலும் அந்த ஓர் எழுத்துகூடக் கிடைப்பதில்லை. ஆகவே முன்னோரைத் தேடும் தமிழர், ஏணியில் ஏறுவதுபோல ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். அந்த ஏணி எங்கே இருக்கிறது, அதில் எந்த மனநிலையோடு ஏற வேண்டும் என்பதை இன்று சேர்ந்து பார்ப்போம்.

விவிலியம் இதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறது. மத்தேயு தம் நற்செய்தியை ஒரு தலைமுறைப் பட்டியலோடுதான் தொடங்குகிறார். பவுலடிகளோ, திமொத்தேயுவுக்கும் தீத்துவுக்கும் எழுதும்போது, முடிவில்லாத தலைமுறைப் பட்டியல்களில் காலம் கழிக்க வேண்டாம் என்று எச்சரிக்கிறார். இரண்டும் இறைவார்த்தைதான். நன்றி சொல்லத் தேடலாம். பெருமை பேசத் தேடக்கூடாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பதிவேட்டைத் திறப்போம்.

உலகம் யாருடைய பெயரை எழுதி வைக்கிறது? அரசர் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. நிலம் உடையவர் பெயர் பட்டாவிலும் கிரயப் பத்திரத்திலும் இருக்கிறது. வடக்கே வெகுதொலைவில், கங்கைக் கரையில் உள்ள அரித்துவாரில், பண்டாக்கள் என்னும் பரம்பரைப் புரோகிதர்கள் தங்களிடம் வரும் குடும்பங்களின் வம்சாவளியை நீண்ட ஏடுகளில் எழுதிப் பாதுகாக்கிறார்கள். தகப்பனின் அஸ்தியைக் கரைக்கப் போகும் மகன் ஊரையும் குலத்தையும் சொன்னால், ஏட்டைப் புரட்டி அவனுடைய பாட்டன், பூட்டன் பெயர்களை வாசித்துக் காட்டுவார்கள். அழகான வழக்கம்தான். ஆனால், அத்தனை தூரம் போக வழியில்லாத ஏழையின் பெயர் எந்த ஏட்டில் இருக்கும்? வைகைக் கரையில் பிறர் வயலில் நாற்று நட்ட பெண்ணின் பெயரை எழுதி வைத்தவர் யார்?

அவள் கத்தோலிக்கப் பெண்ணாக இருந்தால், அவள் பெயர் ஓர் ஏட்டில் ஏறியிருக்க வேண்டும். அதுதான் திருமுழுக்குப் பதிவேடு. 1563-இல் திரெந்து பொதுச்சங்கம், ஒவ்வொரு பங்குத்தந்தையும் திருமணம் செய்வோர், சாட்சிகள் ஆகியோரின் பெயர்களை நாளும் இடமும் குறித்து ஏட்டில் எழுத வேண்டும் என்று ஆணையிட்டது. 1614-இல் வெளியான உரோமைச் சடங்கு நூல் ஐந்து ஏடுகளைக் குறிப்பிட்டது: திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், இறந்தோர் என நான்கு; ஐந்தாவது, வீடுவீடாகச் சென்று குடும்பத்தில் உள்ளோரை எழுதும் ‘ஆன்மாக்களின் நிலை’ ஏடு. இன்று நாம் குடும்ப அட்டை என்று சொல்வது இந்த ஐந்தாவது ஏட்டின் வாரிசுதான். பண்ணையார் பிள்ளையானாலும் பண்ணையாள் பிள்ளையானாலும் திருமுழுக்குக்கு ஒரே ஏடு, ஒரே அளவு இடம். அங்கே தாயின் பெயரும் முழுமையாக எழுதப்படுகிறது. இனிஷியலில் நாம் தொலைத்த பாட்டி அங்கே காத்திருக்கிறார்.

சரி, எந்தப் பங்கின் ஏட்டில் தேடுவது? இதற்கு நம் மறைமாவட்ட வரலாறு கொஞ்சம் தெரிய வேண்டும். இராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்தார். புனித அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் மறைச்சாட்சியாக இறந்தார். 1773-இல் இயேசு சபை உலகம் முழுவதும் கலைக்கப்பட்டபோது மதுரை மறைப்பணித்தளம் மேய்ப்பர்கள் குறைந்து தளர்ந்தது. 1838-இல் பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் இங்கே பணியை மீண்டும் தொடங்கினார்கள். காலராவில் பலர் இளம் வயதிலேயே இறந்தார்கள். அடுத்து வந்தவர்கள் அதே ஏட்டைத் திறந்து, அடுத்த வரியிலிருந்து எழுதினார்கள். மதுரை 1938 வரை திருச்சி மறைமாவட்டத்தின் பகுதி. அந்த ஆண்டில் தனி மறைமாவட்டமாயிற்று. 1953-இல் உயர்மறைமாவட்டமாக உயர்ந்தது.

இதனால் என்ன தெரிகிறது? இன்று தனிப் பங்காக இருக்கும் உங்கள் ஊர், தாத்தா காலத்தில் வேறொரு தாய்ப்பங்கின் கிளைக்கிராமமாக இருந்திருக்கலாம். குருவானவர் மாட்டு வண்டியிலோ குதிரையிலோ எப்போதாவது வருவார்; இடையில் ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு உபதேசியார் திருமுழுக்குக் கொடுப்பார்; பதிவு தாய்ப்பங்கில் ஏறும். ஆகவே முதலில், ‘எங்கள் ஊர் முன்பு எந்தப் பங்கைச் சேர்ந்தது?’ என்று கேளுங்கள். சில பகுதிகளில் போர்த்துக்கல் அரசின் ஆதரவு உரிமையின் கீழ் இருந்த குருக்களும், உரோமை நேரடியாக அனுப்பிய குருக்களும் ஒரே காலத்தில் பணிசெய்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரே குடும்பத்தின் அண்ணன் பெயர் ஓர் ஏட்டிலும் தம்பி பெயர் மற்றோர் ஏட்டிலும் இருக்கலாம்.

ஏடு கிடைத்துவிட்டால் அடுத்த தடை மொழி. பழைய பதிவுகள் பல இலத்தீனில் இருக்கின்றன. பயப்பட வேண்டாம், சில சொற்கள் போதும். ‘ஃபிலியுஸ்’ என்றால் மகன், ‘ஃபிலியா’ மகள், ‘பத்ரீனுஸ்’ ஞானத்தந்தை, ‘ஓபியித்’ என்றால் இறந்தார். பெயர்களும் இலத்தீன் உடை உடுத்தியிருக்கும். ராயப்பன் அங்கே பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சந்தியாகு யாக்கோபுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். பிரெஞ்சுக் குருக்கள் ‘உ’ என்னும் ஒலிக்குத் தங்கள் வழக்கப்படி இரண்டு எழுத்துகள் போடுவார்கள். எனவே சவரிமுத்துவும் மரியசூசையும் முதல் பார்வையில் யாரோ வெளிநாட்டார்போலத் தெரிவார்கள். வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், நம் ஊர்க்காரர் எழுந்து வருவார்.

ஏட்டின் ஓரத்தையும் கவனியுங்கள். ஒருவருடைய உறுதிபூசுதல், திருமணம், குருத்துவம், துறவற இறுதி வாக்குறுதி ஆகியவற்றைத் திருமுழுக்குப் பதிவின் ஓரத்திலேயே குறிக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ‘மணம்: இன்ன ஊர், இன்ன நாள்’ என்ற சிறு குறிப்பு, அத்தைப் பாட்டி எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டார் என்று காட்டிவிடும். ஞானப்பெற்றோரின் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர்கள் நெருங்கிய சொந்தமோ அதே ஊர்க்காரர்களோதான். வழி தெரியாமல் நிற்கும்போது அந்தப் பெயர்கள் வழிகாட்டும்.

இன்னொரு வேண்டுகோள். முழு ஏட்டையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்காதீர்கள். பிறருடைய தத்தெடுப்பு, திருமணச் சிக்கல் போன்ற அந்தரங்கங்களும் அதே பக்கத்தில் இருக்கலாம். உங்களைப் பற்றிய பதிவின் சான்றிதழைப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. முன்னோர் பற்றிக் கேட்பதானால், ஆண்டும் பெயரும் ஊரும் எழுதிக் கொண்டுவாருங்கள், பங்குத்தந்தைக்குத் தேட நேரமும் கொடுங்கள்.

பங்கு ஏட்டுக்கு வெளியிலும் தடங்கள் உண்டு. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, சார்பதிவாளர் அலுவலகத்தில் உள்ள பழைய பத்திரங்கள், மாநகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவு, கல்லறைத் தோட்டத்துக் கல், பழைய திருமண அழைப்பிதழ் எல்லாம் உதவும். மறைப்பணித்தளத்தின் வரலாற்றை ஆராய விரும்புவோருக்குக் கொடைக்கானல் செண்பகனூரில் இயேசு சபையினர் சேர்த்துக் காத்த ஆவணங்கள் பெரும் செல்வம். ஆனால் எல்லா ஏட்டையும் விட அவசரமானது ஒன்று உண்டு. அது உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர். ஏடு இன்னும் சில ஆண்டுகள் இருக்கும், அவர் இருப்பாரா?

கடல் கடந்து போனவர்களின் குடும்பங்களுக்கு இந்தத் தேடல் இன்னும் கடினம். மதுரை, இராமநாதபுரச் சமவெளிகளிலிருந்து எத்தனையோ பேர் கங்காணியின் பின்னால் இலங்கை மலைத்தோட்டங்களுக்குப் போனார்கள். 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷத்துப் பஞ்சம் போன்ற காலங்கள் மக்களை ஊரைவிட்டு விரட்டின. 1964 அக்டோபரில் கையெழுத்தான சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும் என்றும் கணக்குப் போட்டது. எண்களாகப் பிரிக்கப்பட்டவர்கள் மனிதர்கள். அண்ணன் இங்கே, தங்கை அங்கே. தாயகம் திரும்பிய பலருக்குச் சொந்த ஊரின் பெயர் மட்டும் தெரியும். ஊரில் யாரையும் தெரியாது. அப்படிப்பட்ட ஒரு குடும்பம் உங்கள் தெருவில் இருந்தால், அவர்களுக்கு உதவுங்கள். மலையகப் பங்கில் தாத்தா பெற்ற திருமுழுக்கின் பதிவையும், இங்கே அவருடைய தகப்பனின் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது, அறுந்துபோன ஓர் உறவு மறுபடி முடிச்சுப் போடப்படுகிறது. அதுவும் இரக்கச் செயல்தான்.

இப்போது மனத்தை உறுத்தும் ஒன்றையும் பேசியாக வேண்டும். பழைய ஏடுகள் பலவற்றில் பெயருக்கு அருகில் சாதியும் எழுதப்பட்டிருக்கிறது. சிலர் தங்கள் முன்னோர் உயர்ந்தவர் என்று நிரூபிக்கவே ஏட்டைத் தேடுகிறார்கள். வேறு சிலர், எழுதியிருப்பது பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுமோ என்று தேடவே அஞ்சுகிறார்கள். தலித் கிறிஸ்தவர்களுக்கு இந்த வேதனை இரட்டிப்பு. பட்டியல் இனத்தவர் குறித்த 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையில் 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களுக்கு அந்த உரிமை இன்னும் கிடைக்கவில்லை. கோயிலிலும் கல்லறைத் தோட்டத்திலும் சாதியால் ஒதுக்கப்பட்டவர்கள், அரசின் கணக்கில், மதம் மாறியதால் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். திருமுழுக்குத் தொட்டியில் ஒன்றாக்கிய மக்களைக் கல்லறையில் சுவர் வைத்துப் பிரித்தது நம் திருச்சபையின் பாவம். அதை மறைக்க ஏட்டை மூடி வைப்பதால் பயன் இல்லை.

இங்கேதான் மத்தேயுவின் பட்டியல் நமக்குத் துணை நிற்கிறது. ஆண்களின் பெயரை மட்டும் அடுக்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ தாமாரைச் சேர்க்கிறார். எரிகோ நகர்ப் பரத்தை இராகாபைச் சேர்க்கிறார். மோவாபு நாட்டு அந்நியப் பெண் ரூத்தைச் சேர்க்கிறார். தாவீதின் பாவம் மறக்கப்படாதபடி ‘உரியாவின் மனைவி’ என்றே எழுதுகிறார். ஊர் மறைக்க விரும்பும் பெயர்களின் வழியாகத்தான் மெசியா வந்தார். ஆகவே உங்கள் பட்டியலில் தகப்பன் பெயர் இல்லாத ஒரு குழந்தை வந்தால், பஞ்சத்தில் இறந்த ஒருவர் வந்தால், பிறர் இழிவாக நினைத்த ஒரு சாதிப்பெயர் வந்தால், வெட்கப்பட வேண்டாம். அத்தனை அவமதிப்புக்கு நடுவிலும் விசுவாசத்தைக் காத்து உங்கள் கையில் கொடுத்தவர்கள் அவர்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் அவமதித்தவர்கள்.

ஏட்டில் பெயர் கிடைக்காமலே போகலாம். கரையான் தின்ற பக்கங்கள் உண்டு, மழையில் கரைந்த மை உண்டு. எஸ்ரா நூலின் இரண்டாம் அதிகாரத்தில், பாபிலோனிலிருந்து திரும்பிய சிலர் தங்கள் தலைமுறை அட்டவணையைத் தேடிக் காணாததால் குருத்துவப் பணியிலிருந்து விலக்கப்பட்டார்கள் என்று வாசிக்கிறோம். அவர்களுடைய மனம் எப்படிப் பதறியிருக்கும்! நமக்கு அந்தப் பதற்றம் வேண்டாம். நம் பெயர்கள் விண்ணகத்தில் எழுதப்பட்டிருப்பதற்காக மகிழச் சொன்னார் இயேசு. மனிதர் எழுதிய ஏடு அழிந்தாலும், நம்மைத் தம் உள்ளங்கையில் பொறித்து வைத்திருக்கும் ஆண்டவர் ஒருவரையும் தவறவிடுவதில்லை.

இந்த மாதம் முடிவதற்குள் ஒன்று செய்யுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, வீட்டுப் பெரியவரின் அருகில் உட்கார்ந்து, அவர் சொல்லும் பெயர்களை எழுதுங்கள். தாய்வழியையும் விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். எழுதிய ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பரலோக மந்திரம், ஓர் அருள்நிறை மரியே சொல்லுங்கள். நூறு ஆண்டுகளாக யாரும் பெயர் சொல்லிச் செபிக்காத ஒருவருக்காக, அன்று உங்கள் வீட்டில் செபம் எழும்.

நித்திய இளைப்பாற்றியை ஆண்டவர் அவர்களுக்கு அளிப்பாராக. ஆமென்.