கொடையும் கைச்சாத்தும்

பிறருடைய காணிக்கு நன்கொடை உறுதி முடித்துக் கொடுக்க எவருக்கும் உரிமையில்லை. கணினிக்கென எழுதப்படும் நிரலுக்கும் இந்நியாயமே பொருந்தும்.

திறந்த மூல மென்பொருளின் நிரலை யாவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். பலர் கூடி ஆக்கும் அத்தகைய மென்பொருளில், முன்னரே வேறிடத்தில் எழுதப்பெற்ற நிரலை ஒருவர் கொண்டுவந்து சேர்க்க விரும்பின், அது உண்மையில் யாருக்குச் சொந்தம் என்னும் வினா எழுகின்றது. ஊழியர் தம் கடமையின் பொருட்டு எழுதிய நிரலின் பதிப்புரிமை பெரும்பாலும் தொழில்கொள்வோரையே சாரும். கூட்டாக எழுதியதாயின் ஏனையோரின் இசைவும் வேண்டப்படலாம்.

இவ்வினாவை அலட்சியம் செய்தலாகாது. 2003ஆம் ஆண்டில் எஸ்.சி.ஓ. என்னும் நிறுவனம், தனக்குரிய நிரல்களை ஐ.பி.எம். நிறுவனம் லினக்ஸில் சேர்த்துவிட்டதென அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கு இணக்கமாக முடிந்தது 2021இலேதான். இதற்கிடையில், 2004 முதல், லினக்ஸுக்கு நிரல் அளிப்போர், அதனை அளிக்கத் தமக்கு உரிமையுண்டென உறுதிகூறித் தம் பெயரைப் பொறிக்கும் வழக்கம் ஏற்பட்டது.

அப்பாச்சி மென்பொருள் மன்றமோ, ஏற்கெனவே உருவான நிரல்களுக்கெனத் தனிக் கொடைப்பத்திரமே வைத்திருக்கின்றது. 2011இல் ஓப்பின் ஒபிஸ் மென்பொருளை ஒராக்கிள் நிறுவனம் அம்மன்றத்துக்கு அளித்தது இவ்வகைப் பத்திரத்தின் மூலமேயாம். பதிப்புரிமை கொடுப்பவரிடமே நிற்கும். பயன்படுத்தவும் மாற்றவும் பரப்பவும், மீளப்பெறவியலாத அனுமதி மன்றத்துக்குக் கிடைக்கும். அவ்வாறு கொடுக்கத் தமக்கு அதிகாரம் உண்டென்பதையும் கொடுப்பவர் எழுத்தில் கூறுவார்.

ஒரு கைச்சாத்துக்காகக் காத்திருக்கும் காலம் சிறிது. அஃதின்றிச் சேர்ந்த நிரலைப் பின்னர் பிரித்தெடுக்க நேரின், அதன்மேல் பலர் உழைத்துக் கட்டிய யாவும் அதனோடு ஆட்டங்காணும்.