இண்டக்ஷன் அடுப்புக்குள் ஒரு மிளகு

இண்டக்ஷன் அடுப்பு ஏதோ ஒரு ‘ஈ’ நம்பரைக் காட்டி, கூவிவிட்டு நின்றுவிட்டால், நம் ஊர்க் கடைகளில் முதலில் வரும் தீர்ப்பு ‘போர்டு போயிடுச்சு’ என்பதுதான். போர்டு மாற்ற ஆயிரத்துச் சொச்சம் கேட்பார்கள். இன்னும் கொஞ்சம் போட்டால் புது அடுப்பே வந்துவிடும் என்பதால் பழசு பரணுக்கு ஏறிவிடுகிறது. அப்படிப் பரணுக்குப் போகவிருந்த ஒன்றை, என் சித்தி வீட்டு அடுப்பை, போன மாதம் திறந்து பார்த்தேன். அதை வைத்து எழுதிய குறிப்பு இது.

முதலில் ஒரு விஷயம். ஈ-3 என்றால் என்ன என்று இணையத்தில் பொதுவாகத் தேடிப் பயனில்லை. ஒரு கம்பெனியில் அது சென்சார் கோளாறு, இன்னொரு கம்பெனியில் மின்னழுத்தம் அதிகம். பாத்திரம் இல்லை என்பதைக்கூட ஆளுக்கு ஒரு விதமாகக் காட்டுகிறார்கள். உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள அட்டவணையை மட்டும் நம்புங்கள். சித்தியின் கையேட்டில் ‘மேல்தட்டு சென்சார் கோளாறு’ என்று இருந்தது.

இந்த மேல்தட்டு சென்சார் எங்கே இருக்கிறது? கண்ணாடியைக் கழற்றினால் செம்புக் கம்பிச் சுருள் தெரியும். அதன் நட்டநடுவே, கண்ணாடியின் அடிப்பக்கத்தைத் தொட்டபடி, வெள்ளைப் பசை பூசி, மிளகைவிடச் சின்னதாக ஒரு மணி. அதிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் போர்டுக்குப் போகும். இதுதான் தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். பெரும்பாலான வீட்டு அடுப்புகளில் 25 டிகிரி செல்சியஸில் 100 கிலோ ஓம் இருக்கும் வகையைத்தான் போடுகிறார்கள். அதுவே நம் ஊர் 30 டிகிரியில் சுமார் 80 கிலோ ஓம், 60 டிகிரியில் சுமார் 25, 100 டிகிரியில் 7. இருநூறு டிகிரிக்குப் போனால் ஒரு கிலோ ஓமுக்கும் கீழே.

சூடானால் மின்தடை குறையும் பொருள் உண்டு என்பதை மைக்கேல் ஃபாரடே 1833-இல் வெள்ளி சல்பைடில் கவனித்தார். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1831-இல், மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தவரும் அவரேதான். ஆக இந்த அடுப்பில் சூடாக்கும் வேலை, சூட்டை அளக்கும் வேலை இரண்டுக்கும் மூலம் ஒரே மனிதர். பாடப்புத்தகத்தில் முதல் பாதி மட்டும்தான் வருகிறது.

சரி, அடுப்பு இதை எப்படிப் படிக்கிறது? தெர்மிஸ்டரும் போர்டில் உள்ள ஒரு சாதாரண ரெசிஸ்டரும் 5 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. நடுவில் வரும் வோல்ட்டேஜை மைக்ரோகண்ட்ரோலர் ஓர் எண்ணாக மாற்றிக்கொள்ளும். 0 முதல் 255 வரை என்று வைத்துக்கொள்வோம். எண் ஏறக்குறைய ஒரு கோடிக்குப் போய்விட்டால் கம்பி அறுந்துவிட்டது, மறுகோடிக்குப் போய்விட்டால் ஷார்ட் ஆகிவிட்டது என்று அர்த்தம். இரண்டுக்கும் எரர்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நல்ல குளிரில் தெர்மிஸ்டரின் தடை ஏகத்துக்கும் ஏறிவிடும். 0 டிகிரியில் 300 கிலோ ஓமைத் தாண்டும். அறுந்த கம்பிக்கும் மார்கழி மாத ஊட்டிக்கும் வித்தியாசம் தெரியாமல் போகலாம். அதனால் சில அடுப்புகள் உடனே தீர்ப்புச் சொல்லாமல், சூடாக்க ஆரம்பித்து ஒரு நிமிடம் போல் பொறுத்துப் பார்க்கும். ஒரு நிமிடம் நன்றாக ஓடிவிட்டு ‘ஈ’ வந்தால், ‘ஓடுச்சே, அப்போ சென்சார் நல்லாத்தானே இருக்கு’ என்று நினைத்துவிட வேண்டாம்.

சித்தியின் புகார் வேறு மாதிரி. “காலைல காபிக்குத் தண்ணி வச்சா ஒழுங்கா கொதிக்குதுப்பா. குழம்பு வச்சாத்தான் பாதியில நின்னுடுது. கொஞ்ச நேரம் விட்டா மறுபடி வேலை செய்யுது.” கடைக்காரர் சென்சாரை மீட்டரில் பார்த்து, சரியாக இருக்கிறது, எனவே போர்டு என்று சொல்லியிருந்தார். அவர் அளந்தது தப்பில்லை. நான் அளந்தபோதும் 79 கிலோ ஓம், அறைச் சூட்டுக்குப் பொருத்தமான கணக்கு. ஆனால் புகாரே ‘சூடானால் நிற்கிறது’ என்பதுதானே? ஜில்லென்று இருக்கும்போது எடுத்த அளவு அதற்கு என்ன பதில் சொல்லும்?

மீட்டரை மாட்டியபடியே ஹேர் டிரையரை மணிக்கு நேரே காட்டினேன். 60, 45, 30 என்று அழகாக இறங்கி வந்தது. 22-க்கு அருகில் வந்ததும் சட்டென்று ‘ஓ.எல்.’, அதாவது தொடர்பே இல்லை. டிரையரை நிறுத்தி ஒரு நிமிடம் விட்டால் மறுபடி எண் வந்தது. மணிக்குப் பக்கத்தில் கம்பி உறைக்குள்ளேயே விட்டிருக்கிறது. குளிர்ந்தால் முனைகள் ஒட்டிக்கொள்ளும், சூட்டில் விலகிவிடும். புது தெர்மிஸ்டர் சில பத்து ரூபாய்தான்.

அளக்கிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, சில நிமிடம் விட்ட பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருந்திருக்கும். சென்சார் கம்பியில் 5 வோல்ட்தானே என்று ஓடும்போது தொட்டுப் பார்க்கவே கூடாது. இந்தப் போர்டுகள் பெரும்பாலும் வீட்டு மின்சாரத்திலிருந்து பிரிக்கப்படாதவை, அந்த 5 வோல்ட்டின் மறுமுனை மெயின்ஸோடு சேர்ந்தே இருக்கும். அப்புறம், கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு அளங்கள். மாட்டியபடி அளந்தால் போர்டு ரெசிஸ்டரும் சேர்ந்துகொண்டு பொய்க் கணக்குக் காட்டும்.

சென்சார் சூட்டிலும் நல்ல கணக்குச் சொன்னால்? அடுத்த சந்தேகம் கனெக்டரும் போர்டின் அழுக்கும். பால் பொங்கி உள்ளே இறங்கிய இடம், கரப்பான் குடியிருந்த இடம், இதெல்லாம் காய்ந்த பிறகும் லேசாக மின்சாரத்தைக் கடத்தும். சாதாரண சர்க்யூட்டில் அந்தக் கசிவு ஒன்றும் செய்யாது. ஆனால் இங்கே 100 கிலோ ஓம் அளவிலான தடையைப் படிக்கிறோம். அதற்கு இணையாக ஒரு 5 கிலோ ஓம் கசிவு வந்தால், ஜில்லென்ற அடுப்பு தன்னை 110 டிகிரி என்று நினைத்துக்கொள்ளும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். இன்னொரு சென்சார் ஐ.ஜி.பி.டி. டிரான்சிஸ்டரின் அலுமினியப் பட்டைக்கு அடியில் இருக்கும். அதன் எரர் வந்தால் முதலில் ஃபேனில் அடைந்த தூசியைப் பாருங்கள்.

இனி, இதை எழுத வைத்த விஷயம். ‘சென்சார் எரரா? அந்த இரண்டு பின்னிலும் ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டரை வச்சுடுங்க, அடுப்பு ஓடும்’ என்று ஒரு வைத்தியம் புழக்கத்தில் இருக்கிறது. ஓடும், உண்மைதான். ரெசிஸ்டர் என்றைக்கும் ‘25 டிகிரி, 25 டிகிரி’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். சில அடுப்புகள் பல நிமிடம் சூடாக்கியும் எண் அசையவில்லையே என்று கண்டுபிடித்து நிறுத்திவிடும். எல்லா அடுப்புக்கும் அந்தப் புத்தி கிடையாது. வடைச்சட்டியில் எண்ணெயை வைத்துவிட்டு வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போனால், இரண்டாயிரம் வாட் அந்த எண்ணெயில் இறங்கிக்கொண்டே இருக்கும். தீயே தெரியாத அடுப்பு என்பதால் பார்க்கிறவருக்கும் பயம் வராது. புகைந்து, ஒரு கட்டத்தில் எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்ளும். கடையில் உங்கள் அடுப்பைச் சரிசெய்து கொடுத்தால், மணி இருக்கிற இடத்தில் மணிதான் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மாற்றும்போது பழைய மணியின் அதே மதிப்பு, அதே நீளக் கம்பி, சூடு தாங்கும் உறை. மணி கண்ணாடியை அழுத்தித் தொட வேண்டும். பசை இல்லாமல் வைத்தால் நடுவில் நிற்கும் காற்று சூட்டை மறைத்துவிடும். மாட்டிய பிறகு ஒரு பாத்திரம் தண்ணீரை வைத்து அரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்து கொதிக்க விடுங்கள். சித்தி அதற்குப் பதில் நேராகக் குழம்பே வைத்துவிட்டார்.