சொன்ன இடத்தில் நிற்குமா ஸ்பிண்டில்?

ஊர்த் திருவிழாவில் ராட்டினம் ஏறாதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டோம். சுற்றி முடித்ததும் நம் தொட்டி படிக்கு நேராக வந்து நின்றால்தான் இறங்க முடியும். ஒரு முழம் தள்ளி நின்றுவிட்டால் ராட்டினக்காரர், "கொஞ்சம் பொறுங்க" என்று மறுபடி ஒரு தள்ளு தள்ளுவார். ராட்டினத்துக்கு ஒரு முழம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. சி.என்.சி. மெஷினின் ஸ்பிண்டிலுக்கு? ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குதான்!

எம்19 என்று ஒரு கட்டளை கொடுத்தால் ஸ்பிண்டில் எப்போதும் ஒரே கோணத்தில் வந்து நிற்கிறதே, அதற்குப் பெயர் ஸ்பிண்டில் ஓரியன்டேஷன். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு தப்பு செய்துதான் தெரிந்துகொண்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஏன் அங்கேயே நிற்க வேண்டும்?

மெஷினிங் சென்டரில் டூலைப் பிடித்திருப்பது ஹோல்டர். பி.டி.40 ஹோல்டரை எடுத்துக்கொள்வோம். அதன் டேப்பர், டூலை மையத்தில் உட்கார வைக்கிறது. வெட்டும்போது வருகிற திருகு விசையைத் தாங்க ஸ்பிண்டில் முகத்தில் எதிரெதிராக இரண்டு கீ இருக்கும். ஹோல்டரின் காலரில் அதற்கேற்ற இரண்டு வெட்டுகள் இருக்கும். வெட்டின் அகலம் சுமார் 16.1 மி.மீ., கீயின் அகலம் சுமார் 15.9 மி.மீ. ஆக, ஒரு பக்கத்துக்கு 0.1 மி.மீ.தான் இடைவெளி. கீ இருப்பது மையத்திலிருந்து ஏறக்குறைய 27 மி.மீ. தூரத்தில். அங்கே ஒரு டிகிரி என்பது 0.47 மி.மீ. கணக்குப் போட்டுப் பாருங்கள், 0.1 மி.மீ.க்கு வருவது சுமார் 0.2 டிகிரி. அதற்கு மேல் விலகினால் கீ வெட்டுக்குள் போகாது, காலரில் இடிக்கும்.

இன்னொரு உபயோகமும் உண்டு. ஜி76 ஃபைன் போரிங்கில், துளையின் அடியில் ஸ்பிண்டில் இதேபோல் நிற்கும். டூல் முனை சுவரை விட்டுக் கொஞ்சம் விலகும். பிறகுதான் மேலே வரும். அதனால் துளையில் கோடு விழாது. போரிங் பாரை 180 டிகிரி திருப்பி மாட்டிவிட்டாலோ, விலக வேண்டிய முனை நேராகச் சுவருக்குள் போகும். வேலை ஸ்கிராப்!

பிரேக் போட்டால் போதாதா?

நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். 6000 ஆர்.பி.எம்.மில் ஒரு சுற்றுக்கு ஆவது 10 மில்லி செகண்டு. ஒரு காண்டாக்டர் விடுபடுவதற்கே சில மில்லி செகண்டு வேண்டும். அதற்குள் பாதிச் சுற்று போய்விடும். இதில் 0.2 டிகிரியை எங்கே பிடிப்பது?

அதனால் முன்பு ஸ்பிண்டிலை மெதுவாகச் சுற்றவிட்டு, அதோடு சுழலும் தட்டின் பள்ளத்தில் ஒரு பின்னை இறக்கி நிறுத்தினார்கள். பின்னும் பள்ளமும் தேயத் தேய இடமும் மாறும். ஸ்பிண்டிலில் ஒரு காந்தம், எதிரே ஒரு சென்சார் என்று இன்னொரு முறையும் உண்டு. பரவலாக இருப்பது பொசிஷன் கோடர் முறை.

ஒரு சுற்றுக்கு 1024 பல்ஸ் தரும் கோடரில் ஏ, பி என்று இரண்டு அலைகள் 90 டிகிரி தள்ளி வரும். இரண்டின் ஏற்ற இறக்கங்களையும் எண்ணினால் 1024 நாலு மடங்காகி 4096 ஆகும். 360-ஐ 4096-ஆல் வகுத்தால் ஓர் எண்ணிக்கை 0.088 டிகிரி. நமக்கு வேண்டிய 0.2 டிகிரிக்குள் இரண்டு எண்ணிக்கை அடங்கிவிடுகிறது. இதோடு சுற்றுக்கு ஒரே ஒரு முறை வரும் இசட் பல்ஸ் ஒன்று இருக்கிறது. "இங்கிருந்து எண்ணு" என்று காட்டும் மைல்கல் அதுதான்.

எம்19 கொடுத்ததும் டிரைவ் முதலில் வேகத்தைக் குறைக்கிறது. இசட் பல்ஸைப் பிடிக்கிறது. அங்கிருந்து குறிப்பிட்ட எண்ணிக்கை வரை நகர்ந்து நிற்கிறது. "வந்து சேர்ந்தேன்" என்று சிக்னல் கொடுத்த பிறகே அடுத்த கட்டளை ஓடும்.

ஒன்றை மறக்காதீர்கள். இது சும்மா நிற்பதில்லை, பிடித்து நிற்பது. யாராவது திருப்பப் பார்த்தால் கோடர் உடனே காட்டிக்கொடுக்கும், மோட்டார் எதிர்த்துத் திருப்பும். மோட்டாரில் கரண்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. "நின்னுடுச்சே" என்று கையை வைத்துவிடாதீர்கள்!

நான் செய்த தப்பு

இன்பிளான்ட் டிரெயினிங்கில் ஒரு மெஷினில் ஸ்பிண்டிலையும் கோடரையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றினார்கள். என்னை பேனல் முன்னால் நிறுத்தி, எம்19 கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். கொடுத்தேன். ஸ்பிண்டில் அழகாக நின்றது, அலாரம் எதுவும் வரவில்லை. "ஓ.கே. அண்ணே, நிக்குது" என்றேன். முதல் டூல் சேஞ்சிலேயே டணார் என்று ஒரு சத்தம்! ஹோல்டரைப் பிடிக்க வந்த ஆர்ம் காலரில் இடித்து மாட்டிக்கொண்டது.

எலக்ட்ரிக்கல்காரர்கள் "மெக்கானிக்கல் கோளாறு" என்றார்கள். மெக்கானிக்கல்காரர்கள் "டிரைவ் கோளாறு" என்றார்கள். அரை ஷிப்ட் இப்படியே போனது. கடைசியில் மெயின்டனன்ஸ் அண்ணன் ஒருவர் வந்து கீயைக் குனிந்து பார்த்தார். "டிரைவ் பொய் சொல்லலை தம்பி. அது எண்ணினது சரி. பெல்ட்டை ஒரு பல்லு தள்ளி மாட்டியிருக்காங்க" என்றார்.

புல்லிக்கு 40 பல் என்று வைத்துக்கொண்டால் ஒரு பல் 9 டிகிரி, அதாவது 102 எண்ணிக்கை. குனிந்து பார்த்திருந்தால் கண்ணுக்கே தெரிந்திருக்கும். நான் பார்த்தது ஸ்கிரீனை மட்டும்தான்.

அவர் சரிசெய்த விதம் இது. டேபிளில் டயல் இண்டிகேட்டரை வைத்தார். ஒரு கீயின் பக்கவாட்டில் தொட்டு, பிறகு எதிர்க் கீயின் அதே பக்கத்தில் தொட்டார். இரண்டுக்கும் இடையே சுமார் 54 மி.மீ. தூரம். அதில் 0.1 மி.மீ. வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 0.1 டிகிரி. பழைய மதிப்பை நோட்டில் எழுதிக்கொண்டு, ஃபானுக் சீரியல் ஸ்பிண்டிலின் 4077-ஆம் பாராமீட்டரில் நகர்த்த வேண்டிய எண்ணிக்கையைப் போட்டார். வெவ்வேறு வேகத்திலிருந்து பல தடவை எம்19 கொடுத்து, ஒவ்வொரு தடவையும் டயல் வைத்துப் பார்த்தார். பிறகே டூல் சேஞ்ச், அதுவும் ஒவ்வொரு படியாக நிறுத்தி நிறுத்தி.

டிரைவுக்குத் தெரிந்தது கோடரின் கோணம். கீயின் கோணம் அதற்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்து வைத்திருப்பது ஒரு பெல்ட்டும் ஒரு எண்ணும்தான். பெல்ட் மெக்கானிக்கல், எண் எலக்ட்ரிக்கல் என்று நாம் பிரித்துக்கொள்கிறோம், ஸ்பிண்டில் அப்படிப் பிரித்துக்கொள்வதில்லை. ஆகவே எலக்ட்ரிக்கல் நண்பர்களே, டயல் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மெக்கானிக்கல் நண்பர்களே, பல்ஸ் எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். நாளை உங்களை பேனல் முன்னால் நிறுத்தி "நிக்குதா?" என்று கேட்டால், "எங்கே நிக்குதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். அன்று நான் சொல்லாமல் விட்டது அதைத்தான்.