தொப்புளைச் சுற்றி ஊசியா? இப்போது இல்லை!

நாய் கடித்தால் ‘தொப்புளைச் சுற்றி 14 ஊசி’ என்ற பயம் பலருக்கு இன்னும் போகவில்லை. குன்னூர் சிம்ஸ் பூங்கா அருகே 1907-ல் தொடங்கிய பாஸ்டியர் நிறுவனத்தில், அந்தக் காலத்தில் செம்மறி ஆட்டு மூளையிலிருந்து தடுப்பூசி தயாரித்தார்கள். நரம்புத் திசு கலந்திருந்ததால், அரிதாகச் சிலருக்குக் கை, கால் செயலிழந்தது. பிறகு, ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களிலிருந்து பாதுகாப்பான தடுப்பூசி வந்தது.

மருந்தைச் செலுத்தும் வழியும் மாறியது. தோலில் நோய் எதிர்ப்புச் செல்கள் அதிகம். அதனால் இரு கைகளிலும் தோலுக்குள் தலா 0.1 மி.லி. போட்டாலே போதும். முதல் நாள், பிறகு 3, 7, 28-ம் நாட்கள் என நான்கே முறை.

கடித்தவுடன் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி வைக்காதீர்கள். ரத்தம் வந்திருந்தால் காயத்திலேயே போடும் இன்னொரு மருந்தும் தேவை. ரேபிஸ் அறிகுறி தெரிந்தபின் பிழைப்பது மிக அரிது. அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்!