புற்றுநோய் போல் வேடமிடும் கிருமி

ஒரு பெண்ணுக்குப் பல வாரங்களாக அடிவயிற்றில் வலி. உடல் எடை குறைகிறது. விட்டுவிட்டுக் காய்ச்சல் வருகிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் சூலகத்தின் அருகே ஒரு கட்டி. அது பக்கத்திலுள்ள குடலோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மருத்துவருக்கு முதலில் எழும் சந்தேகம் புற்றுநோய்தான். அதில் தவறில்லை. ஆனால் மிக அரிதாக, அறுவை சிகிச்சை செய்து எடுத்த கட்டியை நுண்ணோக்கியில் பார்த்தால் புற்றணு ஒன்றுகூட இருக்காது. இருப்பது பாக்டீரியா.

இந்த நோயின் பெயர் ஆக்டினோமைக்கோசிஸ். பெரும்பாலும் இதற்குக் காரணம் ஆக்டினோமைசிஸ் இஸ்ரேலி என்ற பாக்டீரியா. இது எங்கிருந்தோ வரும் கிருமி அல்ல. நம் வாயிலும் குடலிலும், பெண்களின் இனப்பெருக்கப் பாதையிலும் சாதாரணமாகவே வாழ்வது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. உள்தோலில் காயம் ஏற்பட்டால்தான் அது திசுவுக்குள் புகுகிறது. இடுப்புக்குழியில் இந்நோய் கண்ட பெண்களில் பலர், கருப்பைக்குள் பொருத்தும் கருத்தடைச் சாதனத்தைப் பல ஆண்டுகள் மாற்றாமல் வைத்திருந்தவர்கள். இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரையும் பயமுறுத்திவிடாதீர்கள்! அச்சாதனத்தைப் பயன்படுத்துவோர் உலகில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் மிக மிகச் சிலருக்கே இந்நோய் வருகிறது. பாப் ஸ்மியர் சோதனையில் இக்கிருமி தெரிந்தாலும், நோய்க்குறி எதுவும் இல்லையென்றால் அது நோயே அல்ல.

பெயரிலும் ஒரு கதை உண்டு. கிரேக்க மொழியில் ‘ஆக்டிஸ்’ என்றால் கதிர், ‘மைக்கீஸ்’ என்றால் பூஞ்சை. மாடுகளின் தாடையில் வரும் வீக்கத்தில் இதன் உறவுக்காரக் கிருமியை 1877இல் கண்டவர்கள், நூல் நூலாகக் கிளைத்திருந்ததால் பூஞ்சை என்றே நினைத்தார்கள். மறு ஆண்டு மனிதர்களிடம் இந்நோயை விவரித்தவர் பெர்லின் மருத்துவர் ஜேம்ஸ் இஸ்ரேல். கிருமிக்கு அவர் பெயரே நிலைத்தது. பூஞ்சை அல்ல என்று பின்னர் தெரிந்தும் பழைய பெயர் மாறவில்லை.

சரி, இதைக் கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கடினம்? ஐந்தாம் படிவ அறிவியலில் பாக்டீரியாவை அகாரில் வளர்ப்பது பற்றிப் படிக்கிறீர்கள் அல்லவா? ஈ.கோலை ஓர் இரவில் வளர்ந்துவிடும். ஆக்டினோமைசிசுக்கோ ஆக்சிஜன் ஆகாது. வளர ஒரு வாரம், சில வேளைகளில் இரண்டு மூன்று வாரங்கள்கூட ஆகும். மாதிரியைக் காற்றுப்பட அனுப்பினால் கிருமி இறந்துவிடலாம். வழக்கமான சோதனை என்று சில நாளில் தட்டைத் தூக்கிப் போட்டால், ‘கிருமி இல்லை’ என்றே முடிவு வரும். நோயாளி முன்னதாகவே ஆண்டிபயாடிக் சாப்பிட்டிருந்தாலும் இதே கதிதான். எனவே மருத்துவர் முதலிலேயே சந்தேகப்பட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பும் படிவத்தில் அதை எழுத வேண்டும். எழுதினால்தான் ஆக்சிஜன் இல்லாத சூழலில் வைத்துப் பல நாள் காத்திருப்பார்கள்.

அப்படியும் கிருமி வளராமல் போவது உண்டு. அப்போது கைகொடுப்பது திசுப் பரிசோதனை. சீழிலும் திசுவிலும் சிறு மஞ்சள் மணிகள் தென்படும். ‘கந்தக மணிகள்’ என்று பெயர், ஆனால் நிறம்தான் கந்தகம். பின்னிக்கிடக்கும் பாக்டீரியா இழைகளே அவை. கிராம் சாயம் ஏற்றினால் இழைகள் ஊதா நிறத்தில் தெரியும்.

பெரும்பாலான தொற்றுகள் ஓர் உறுப்போடு நின்றுவிடும். இது உறுப்புகளின் எல்லையைப் பொருட்படுத்தாமல் ஊடுருவும். உடலோ அதைச் சுற்றி மரக்கட்டை போன்ற நார்த்திசுவைக் கட்டும். ஸ்கேனில் புற்றுநோய் போலத் தெரிவதற்கு இதுவே காரணம். மருந்து எளிதில் உள்ளே போக முடியாததற்கும் இதுவே காரணம். அதனால் சில வாரங்கள் நரம்பு வழியாகவும், பின்னர் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை மாத்திரையாகவும் மருந்து தருவார்கள். மருந்து என்ன தெரியுமா? பழைய பெனிசிலின்தான். அறுவை சிகிச்சைக்கு முன்பே நோய் தெரிந்துவிட்டால், பெரிய கட்டிகள்கூட இதனால் சுருங்கிவிடுகின்றன. கருப்பையையும் சூலகத்தையும் அகற்றாமலே பல பெண்கள் குணமாகிறார்கள்.