96-ல் பதிந்த கஞ்சிரா

டீயை எடுத்துக்கொண்டு உட்கார் தம்பி, கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் இது. கஞ்சிராத் தனி ஆவர்த்தனத்தை 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிந்து வைத்திருக்கிறாய். நல்ல காரியம். கஞ்சிரா வித்வான் மான்பூண்டியா பிள்ளை புதுக்கோட்டைக்குப் பேர் வாங்கித் தந்த வாத்தியம் அல்லவா! ஆனால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2 ஜிபி ஆகும். நம் குளத்தூரில் யார் போனுக்கும் அதை அப்படியே அனுப்ப முடியாது. குறைத்துத்தான் ஆக வேண்டும். 44.1-க்கா, 48-க்கா?

96 என்றால் ஒலியலையை நொடிக்கு 96,000 முறை அளந்திருக்கிறது. அளக்கும் வேகத்தில் பாதிக்குக் கீழ் உள்ள அதிர்வுதான் அதில் பிடிபடும். இங்கே 48 கிலோஹெர்ட்ஸ் வரை. நம் காதுக்கு எட்டுவதோ 20 வரை, அதுவும் சின்ன வயதில். அதனால் கேட்பதற்கு 44.1-ம் போதும், 48-ம் போதும்.

கெடுவது குறைக்கிற இடத்தில். கஞ்சிராச் சட்டத்தில் கோத்த நாணயங்கள் குலுங்கும்போது காதுக்கு எட்டாத அதிர்வும் சேர்ந்து எழும். அதில் ஒன்று 30 கிலோஹெர்ட்ஸில் இருப்பதாக வைத்துக்கொள். வடிகட்டாமல் 44.1-க்கு இறக்கினால் அது தொலையாது. மடங்கி வந்து 14.1-ல் உட்கார்ந்துகொள்ளும். வாத்தியத்தில் இல்லாத சத்தம் காதில் விழும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதும் இதே கணக்கால்தான். அதனால் நல்ல மென்பொருள் மேலே உள்ளதை வடிகட்டிய பிறகே எண்ணிக்கையைக் குறைக்கும். இலவசமாகக் கிடைக்கும் சாக்ஸ் (SoX) என்ற மென்பொருள் இதை ஒழுங்காகச் செய்கிறது. 48-க்கு இறக்கினால் வடிகட்ட 20 முதல் 24 வரை இடமுண்டு, 44.1-ல் 22.05-க்குள் முடித்தாக வேண்டும், நெருக்கடிதான்.

'சரிபாதியாக்கினால்தான் சுத்தம்' என்று சிலர் சொல்வார்கள். 96-ஐ 48 ஆக்குவது சரிபாதி, 44.1 ஆக்குவது 320-க்கு 147 என்ற விகிதம். பழைய மென்பொருள்கள் அந்தக் கணக்கில் குறுக்குவழி போனதுண்டு. இப்போது அந்தப் பயம் தேவையில்லை. விகிதத்தைவிட வடிகட்டிதான் முக்கியம்.

44.1 வந்ததே வீடியோ டேப்பில் ஒலியைப் பதிந்த காலத்தில். ஒரு வரிக்கு 3 அளவு, 245 வரி, நொடிக்கு 60 தடவை. பெருக்கிப் பார், 44,100. 1982-ல் சிடியோடு அது வீட்டுக்குள் வந்தது. வீடியோவும் ஒலிபரப்பும் 48-ல் நிலைத்தன. யூடியூபில் ஓடும் ஓபஸ் என்ற ஒலிச்சுருக்க முறையும் உள்ளே 48-ல்தான் வேலை செய்கிறது. உன் ரெக்கார்டிங் போனுக்கும் யூடியூபுக்கும்தான் போகிறது என்றால் 48 வை. சிடி போடப் போகிறாய் என்றால் மட்டும் 44.1. 96 மூலத்தை இரண்டு ஹார்ட் டிஸ்கில் பத்திரப்படுத்து; குறைத்ததைத் திரும்ப ஏற்றினால் போனது வராது.

16 பிட்டாக்குவதாக இருந்தால் அதைக் கடைசியில், ஒரே முறை, டிதர் (மிக மெல்லிய இரைச்சல் கலப்பது) போட்டுச் செய். மாற்றுவதற்கு முன் உச்சத்தில் 1 டெசிபலாவது இடம் விடு. வடிகட்டியபின் அலையின் முனை முன்பிருந்ததைவிடச் சற்று எழும்பக்கூடும். கஞ்சிராவின் ஓங்கிய அடியில் அது எல்லையில் முட்டினால் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும்.